ஏழு நிமிடம் காணாமல் போன கரடியம்மா

1.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் கதை எழுத உட்காரவில்லை. கார்ட்டூன் படங்கள் வீட்டு வீடியோவாக வந்த வரலாற்றைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். பதினோரு பக்கம் ஆகியிருந்தது. “தியேட்டருக்குள் மட்டுமே உயிர் வாழ்ந்த கரடிகளும் முயல்களும் கேசட் என்னும் கறுப்புப் பெட்டிக்குள் குடியேறியபோது” என்று ஒரு வாக்கியம். அதை எப்படி முடிப்பதென்று தெரியாமல் தலைவலி வந்து, மாத்திரை வாங்கப் போனேன். வாக்கியம் இன்றுவரை அப்படியேதான் தொங்குகிறது.

போன இடத்தில் கதை வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு மருந்து எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தது.

2.

முதல் தொடக்கம்: ‘அன்று மழை பெய்துகொண்டிருந்தது.’ (பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: ‘ஐம்பத்து நான்கு வயதான அந்தப் பெண்ணின் மனதில் ஒரு ரகசியம்...’ (ரகசியமும் இல்லை, ஒன்றும் இல்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.)

நடந்தது இது. எனக்கு முன்னால் நின்ற பெரியவர், மாத்திரையை எப்போது போடுவது என்று மூன்றாவது முறையாகக் கேட்டார். மருந்துக்கடை அக்கா நிமிர்ந்தார்.

“சாப்பிட்ட பிறகுன்னு ரெண்டு தரம் சொல்லிட்டேன். காது என்ன அழகுக்கா வச்சிருக்கீங்க?”

எனக்குப் புல்லரித்துவிட்டது. ஏழு வயதில் நான் தேயத் தேயப் பார்த்த கேசட்டில், ஆற்றங்கரையில் நின்று ஒரு கரடியம்மா தன் குட்டியைப் பார்த்துச் சொல்வது இதே வார்த்தை. இதே குரல். ‘அழகுக்கா’வில் அதே இழுப்பு.

“நீங்க... கரடியா?” என்று கேட்டுவிட்டேன்.

வரிசை மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. நல்ல வேளை, அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. கையிலிருந்த மருந்துச் சீட்டை மெல்லக் கீழே வைத்தார்.

“முப்பத்திரண்டு வருஷத்துல நீங்கதான் முதல் ஆளு” என்றார்.

3.

(கட்டுரையிலிருந்து பிய்த்த துண்டு: கேசட் வந்த புதிதில் படக் கம்பெனிகள் பயந்தன. வீட்டிலேயே பார்க்க முடிந்தால் தியேட்டருக்கு எவன் வருவான்? பிறகுதான் விளங்கியது. பெரியவர்கள் ஒரு படத்தை ஒரு முறை பார்ப்பார்கள். குழந்தையோ அதே படத்தை நாற்பது முறை பார்க்கும், நாற்பத்தொன்றாவது முறைக்கும் அழும். வாடகைக்கு எடுத்துக் கட்டுப்படியாகாது, வாங்கித்தான் ஆக வேண்டும். குழந்தையின் பிடிவாதத்தின் மேல் கட்டிய வியாபாரம் அது.)

இருபத்திரண்டு வயதில் அக்கா அப்படி ஒரு சின்ன கேசட் கம்பெனியில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். மாடியில் ஒலிப்பதிவு அறை. அங்கே ஒரு வெளிநாட்டுக் கரடிப் படத்துக்குத் தமிழ் பேசிக்கொண்டிருந்தார்கள். கரடியம்மாவுக்குப் பேச வேண்டிய நடிகைக்கு அன்றைக்கென்று பார்த்துத் தொண்டை கட்டிவிட்டது. கீழே, பெட்டிகளைத் தலைகீழாக அடுக்கிய ஒருவரை அக்கா பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தார். ஒலிப்பதிவாளர் படியிறங்கி வந்தார்.

“இப்ப கத்தினது யாரு?”

“நான் இல்லை சார்.”

“இதே குரல்தான். மேல வாம்மா.”

ஒரே பகலில் முழுப் படத்தையும் பேசி முடித்தார். எழுதிக் கொடுத்த வசனம், ‘மகனே, என் சொல்லைக் கேளாய்.’ எந்த அம்மா இப்படிப் பேசுவாள்? அக்கா அதை மாற்றினார். அழகுக்கா வைத்த காது அப்படித்தான் வந்தது.

மறுவாரம் அதே கேசட்டுகளுக்கு அவரே லேபிள் ஒட்டினார். லேபிளில் கரடி இருந்தது. பேசியவர் பெயர் இல்லை. நினைவுக்கு ஒரு பிரதி கொடுத்தார்கள். அடுத்த வருடமே மருந்தாளர் படிப்பு, பிறகு கல்யாணம், கடை.

கேசட் போய் சிடி என்னும் வட்டத் தட்டு வந்தது. தட்டுக்காக வேறொருவரை வைத்துப் புதிதாகப் பேசவைத்தார்கள். அக்காவின் மகள் பார்த்தது அதைத்தான். ஒருநாள் அக்கா சொல்லிப் பார்த்தார்: “இந்தப் படத்துல முதல்ல பேசினது அம்மாதான் கண்ணு.”

மகள் கரடியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். “சும்மா கதை விடாதேம்மா.”

அதன்பிறகு அக்கா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

4.

இந்த இடத்தில் என் வேலை சுலபம். ஏனென்றால் அடுத்த விஷயத்தை நான் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை. கட்டுரைக்காக நான் பேட்டி எடுத்திருந்த ஒரு பெண், பழைய படங்களைத் துடைத்துச் சீராக்கி இணையத்தில் ஏற்றுகிறவர். வீடு திரும்பிக் குறிப்புகளைப் புரட்டினால், அவர் பட்டியலில் இந்தக் கரடிப் படமும் இருந்தது. படம் பத்திரம், கேசட்டில் வந்த தமிழ்ப் பேச்சு மட்டும் கிடங்கில் ஈரம் ஏறி அழிந்துவிட்டது. “கெடாத கேசட் ஒண்ணு கிடைச்சா போதும், பேசினவங்க பேரையும் போட்டுடலாம்” என்று புலம்பியிருந்தார்.

தலைவலி போன இடம் தெரியவில்லை. கடைக்கு ஓடினேன்.

நினைவுக்குக் கொடுத்த அந்தக் கேசட் அக்காவின் தம்பி வீட்டில், பரண் மேல் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு நால்வரும் சீராக்குகிறவரின் அறைக்குப் போனோம். அக்கா, தம்பி, நான், நம்பாத மகள்.

திரையில் கோடுகள் ஓடின. காடு தெரிந்தது. கரடியம்மா வாயைத் திறந்தாள்.

மகள் திரையைப் பார்க்கவே இல்லை. அம்மாவின் முகத்தையே பார்த்தாள். “அம்மா... நீதானா?” அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். காது வசனம் வந்தபோது சின்னப் பிள்ளை போல நான் கைதட்டினேன்.

அடுத்து வெள்ளம். குட்டியைக் காணாமல் அம்மா தேடும் கட்டம். கரடி கரையேறி, மூச்சை இழுத்து, கூப்பிடப் போகிறாள்.

“பந்து எல்லைக் கோட்டைத் தாண்டிப் பறக்கிறது!”

பச்சைத் திடல். வெள்ளைச் சட்டைகள். ஆரவாரம். ஏழு நிமிடம்.

அக்கா மெல்லத் தம்பியின் பக்கம் திரும்பினார்.

5.

(தம்பியை வில்லனாக்கிப் பார்த்தேன். மீசையெல்லாம் வைத்தேன். எடுபடவில்லை. மேலே பதிந்துவிடக் கூடாது என்பதற்காகக் கேசட்டின் முதுகில் இருந்த சின்ன பிளாஸ்டிக் பல்லைக் கம்பெனிக்காரர்கள் உடைத்துத்தான் அனுப்பியிருந்தார்கள். தம்பி அந்தப் பள்ளத்தில் ஒட்டும் நாடாவை ஒட்டிவிட்டு, டிவியில் ஓடிய கிரிக்கெட்டைப் பதிந்திருக்கிறார். ஆர்வக்கோளாறு, வேறென்ன.)

“நல்ல மேட்ச்சுக்கா அது” என்றார் தம்பி.

“நான் பேசினதை அழிச்சிட்டு அது நல்ல மேட்ச்சா?”

“கடைசிப் பந்து வரைக்கும் போச்சு...”

“வாயை மூடு.”

சீராக்குகிறவர் தொண்டையைச் செருமினார். அந்தக் கட்டத்தில் குட்டி பேசுவதில்லை, இசையும் ஆற்றுச் சத்தமும் தனியாக இருக்கின்றன, வேண்டியது கரடியின் குரல் மட்டும். “நீங்களே வந்து பேசிடுங்களேன்.”

“இந்த வயசுலயா?”

“பேசும்மா” என்றாள் மகள்.

6.

ஒலிப்பதிவு அறை ஒரு குளியலறை அளவுதான் இருந்தது. அக்கா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நின்றார். முதல் முறை வாயசைவு முந்தியது. இரண்டாம் முறை பிந்தியது. மூன்றாம் முறை எல்லாம் பொருந்தியது, கேட்கத்தான் சகிக்கவில்லை. அன்று இருபத்திரண்டு வயதுப் பெண் தொண்டையைக் கனமாக்கி ஒரு தாயைப் போலப் பேசியிருந்தாள். இன்று அந்தப் பெண்ணைப் போலப் பேசப்போய், யாருடைய குரலாகவும் இல்லாமல் போனது.

அக்கா வெளியே வந்தார். “எனக்கு வரலை. விட்டுடலாம்.”

அப்போது தம்பி வாயைத் திறந்தார். “போனது போகட்டும்க்கா. ஏழே நிமிஷம்தானே.”

“ஏழே நிமிஷமா?” அறை அதிர்ந்தது. “பெத்த பிள்ளையே என்னை நம்பலைடா! எடுத்துக் காட்ட இருந்தது இந்த ஒண்ணுதான். அதுவும் உன் வீட்டுப் பரண்ல கிடந்துச்சு. ஏழே நிமிஷமாம்!”

சொன்ன வேகத்தில் திரும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். “போடுங்க” என்றார். அந்த மூச்சு அடங்குவதற்குள் ஓடவிட்டார்கள்.

அவர் எப்படிக் கூப்பிட்டார் என்று எழுத நான்கு வாக்கியம் எழுதி நான்கையும் அடித்துவிட்டேன். கோபம் இருந்தது. கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது. “எங்கடா போயிட்ட, கண்ணு” என்ற இடத்தில் குரல் தானாக உடைந்தது. அது எழுதிக் கொடுத்த தாளில் இல்லாதது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மகள் அழுதுகொண்டிருந்தாள். தம்பி சுவரைப் பார்த்து நின்றார்.

ஒரே முறையில் முடிந்தது.

7.

முடிவு ஒன்று: படம் வெளியாகி அக்கா புகழ் பெறுகிறார். (இன்னும் வெளியாகவில்லை. பொய் சொல்ல மாட்டேன்.)

முடிவு இரண்டு: அக்காவும் தம்பியும் பேசுவதில்லை. (மறுநாளே பேசினார்கள். மேட்ச் யார் ஜெயித்தது என்று அக்காவே கேட்டாராம்.)

மூன்றாவதை முடிக்க என்னால் முடியவில்லை. போன வாரம் சீராக்குகிறவர் ஒரு படிவம் அனுப்பினார். பெயரை எப்படிப் போடுவது என்று ஒரு கேள்வி. அக்கா உடனே முழுப் பெயரையும் எழுதி, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மகளைப் பார்க்கச் சொன்னார். இரண்டாம் கேள்வி: வெள்ளக் கட்டத்தில் கரடியம்மா திடீரென்று முப்பத்திரண்டு வயது மூத்துவிடுகிறாள், குட்டி கிடைத்ததும் மறுபடி இளமையாகிவிடுகிறாள். கணினியில் கொடுத்து அந்த ஏழு நிமிடத்தையும் பழைய குரல் போலவே ஆக்கிவிடலாமா? ஆம், இல்லை, இரண்டு கட்டங்கள்.

“ஆக்கினா யாருக்கும் தெரியாது, வழவழன்னு இருக்கும்” என்கிறார் தம்பி. “தொடக்கூடாது” என்கிறாள் மகள்.

அக்கா என்னைப் பார்த்தார். “நீங்க சின்ன வயசுலயே பார்த்த ஆளு. சொல்லுங்க, பிள்ளைங்களுக்கு எது நல்லா இருக்கும்?”

அக்கா பேசியது, படிவத்தோடு வந்த கணினி மாதிரி, இரண்டையும் கேட்டேன். இரண்டு தடவையும் உடம்பு சிலிர்த்தது. நாளை மாலைக்குள் அனுப்ப வேண்டும். படிவம் கடையில், கண்ணாடி மேசை மேல், பேனாவோடு இருக்கிறது. வரிசையில் அடுத்து நிற்பது நீங்கள்தான்.