ஐசம் டில்மனின் சுருதி

வெர்லீன் கிட்டார் பெட்டியைக் காரின் பின்சீட்டில் படுக்கவைத்து, அதற்கு பெல்ட்டும் போட்டுவிட்டாள். முந்தின நாள் சிகாகோவிலிருந்து வந்திருந்த தம்பி க்ளீவ் பார்த்துக்கொண்டே நின்றான்.

"ஏன்க்கா, அப்பாவுக்குக்கூட நீ ஒருநாளும் இப்படி பெல்ட் போட்டுவிட்டதில்லையே."

"அவரு என்னைக்கு என் கார்ல உக்காந்தாரு? ஏறு, நேரமாச்சு."

பிண வண்டி எப்போதோ சர்ச்சுக்குப் போய்விட்டது. வழி நெடுக இரண்டு பக்கமும் பருத்திக்காடு. அப்பா போய் ஒன்பது நாளாயிற்று, அவளுக்கு அழுகையே வரவில்லை. அடக்கிக்கொண்டதெல்லாம் இல்லை, வரவில்லை, அவ்வளவுதான். அக்கம்பக்கத்தார் கேக்கும் பொரித்த கோழியும் கொண்டுவந்தார்கள். பாத்திரங்களைக் கழுவி, அவரவர் பேரைச் சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.

அப்பா ஐசம் டில்மன் பகலில் டிராக்டர் ஓட்டினார். சனிக்கிழமை ஆனால் சாராயக் கொட்டகைகளில் கிட்டாரோடு உட்கார்ந்து ப்ளூஸ் என்ற சோகப்பாட்டுகள் பாடினார். நாற்பது வயதில் ஒரே ஒரு இசைத்தட்டு வந்தது, யாரும் சீந்தவில்லை. அறுபத்தைந்தில் ஹாலந்துக்காரர்கள் தேடிவந்து கச்சேரிக்குக் கூட்டிப்போனார்கள். மகள் கல்யாணத்துக்கு வராத மனிதர் அங்கிருந்து அவளுக்கு ஒரு ஜோடி மரச்செருப்பு வாங்கி வந்தார், இரண்டு சைஸ் சின்னதாக.

அவர் சுருதி சேர்க்கும் விதமே வேறு. எல்லாரும் சேர்ப்பது போலச் சேர்க்கமாட்டார். பாட்டுக்கு முன்னால் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து முடுக்குவார். ஹாலந்துக்காரர்கள் கேட்டும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று வெர்லீனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நான் திரும்பி வரலன்னா, என் சுருதி கிட்டார்லயே இருக்கு. சேத்துதான் வெச்சிருக்கேன். நீ மட்டும் கேட்டுக்கோ. யாரையும் தொடவிடாத."

அவர் அவளுக்கென்று விட்டுப்போனது அது ஒன்றுதான். பெட்டியைத் திறந்து தந்திகளை ஒருமுறை மீட்ட ஒரு நிமிஷம் போதும். ஒன்பது நாளும் அவள் மீட்டவில்லை. கேட்டுவிட்டால் அப்புறம் அவரிடம் வாங்கிக்கொள்ள ஒன்றும் மிச்சமிருக்காது என்று பயமாக இருந்தது. அடக்கம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள். தம்பியிடமும் சொல்லவில்லை.

சவப்பெட்டி பக்கத்தில் கிட்டார் நிற்கலாம், ஆனால் ப்ளூஸ் மாதிரி உலகப்பாட்டு ஒன்றும் கூடாது என்று பாஸ்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சர்ச்சுக்குள் வெர்லீன் தந்தியில் விரல் படாமல் கிட்டாரைத் தாங்கியில் நிறுத்தினாள். அதற்குள் பாஸ்டர் கூப்பிடுவதாக ஆள் வந்தது.

"க்ளீவ், இங்கயே இரு. பாத்துக்கோ."

திரும்பி வந்தபோது தாங்கி மட்டும் நின்றது.

"மூப்பர் டப்ஸ் எடுத்துட்டுப் போனாருக்கா. அப்பா கிட்டார்லயே ஒரு ஞானப்பாட்டு வாசிக்கணுமாம். நல்லதுதானேன்னு குடுத்தேன்."

மூப்பர் டப்ஸ் சர்ச்சின் பெரியவர்களில் ஒருவர், அங்கே கிட்டார் வாசிப்பவர். வாலிபத்தில் அப்பாவோடு அதே கொட்டகைகளில் வாசித்தவர்தான். ரட்சிக்கப்பட்டு சர்ச்சோடு சேர்ந்த பிறகு ப்ளூஸையும் விட்டார், அப்பாவோடு பேச்சையும் விட்டார். அது ஆயிற்று முப்பது வருஷம். இப்போது பக்கத்து அறையிலிருந்து கிட்டாரைக் குழந்தைபோல ஏந்திக்கொண்டு வந்தார். விரல் நுனியில் ரத்தம்.

"எந்தக் காலத்துத் தந்தியோம்மா, ஒரே துரு. சுருதியும் கன்னாபின்னான்னு கெடந்துச்சு. இப்படியா ஐசம அனுப்பறது? எல்லாம் புதுசா மாட்டி, ஒழுங்கா சேத்துட்டேன்."

அவர் கண் கலங்கியிருந்தது. வெர்லீன் புதுத் தந்திகளைப் பார்த்தாள். பளபளவென்று இருந்தன. அவருக்கு இதைத் தவிர வேறெப்படி மன்னிப்புக் கேட்கத் தெரியும்?

"ரொம்ப நல்லதுங்க மூப்பரே" என்றது அவள் வாய்.

அவர் வாசித்தார். நன்றாகத்தான் வாசித்தார். ஒவ்வொரு சுரமும் அதனதன் இடத்தில் சுத்தமாக விழுந்தது, எந்த ஊர் எந்தக் கிட்டாரிலும் விழுவதைப் போல. பின்வரிசையில் "ஆமென், ஆமென்" என்றார்கள். க்ளீவ் குலுங்கிக் குலுங்கி அழுதான். வெர்லீன் அவனுக்கு விசிறினாள்.

முடிந்ததும் மூப்பர் அவளருகே குனிந்து, மடித்த காகிதம் ஒன்றைக் கையில் வைத்தார். "எறிய மனசு வரல. ஐசம் கை பட்டது."

காகிதத்துக்குள் ஆறு பழைய தந்திகளும் சுருண்டு கிடந்தன.

பாஸ்டர் ஜெபத்துக்கு எழுந்தார். எல்லாரும் தலைகுனிந்தார்கள். வெர்லீன் அதைக் கைப்பைக்குள் வைத்தாள். ஒரு தந்தி சுருள் பிரிந்து வெளியே நீட்டியது. உள்ளே தள்ளினாள். மறுபடி நீட்டியது. ஜெபம் முடியும்வரை பையின் வாயை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.