ஆறவிட்ட தண்ணீர்

அந்தத் தெருவில் அவரைப் பாட்டில் என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் பெரிய குடிகாரர் போலிருக்கிறது என்று ஒதுங்கிப் போவதுண்டு. பாவம், மனிதர் பீர் வாசனைக்கே தும்முகிறவர். எரிவாயு எடுக்கும் கம்பெனியில் அவருக்குத் தண்ணீர் பிடிக்கிற வேலை. கம்பெனி துளை போட்ட இடத்தைச் சுற்றி இருக்கிற வீடுகளுக்குப் போய், அவர்களுடைய போர்வெல் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். பூமிக்குள்ளிருந்து கேஸ் கசிந்து தண்ணீரில் கலந்திருக்கிறதா என்று அங்கே பார்த்துச் சொல்வார்கள்.

பிடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. சின்னக் குழாயைப் பாட்டிலின் அடிவரை விட்டு, தண்ணீர் வழிய வழியப் பிடித்து, ஒரு குமிழிகூட இல்லாமல் மூட வேண்டும். சோடாவைத் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்று எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். ஆனால் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே சூப்பர்வைசர் தோளில் கை போட்டுச் சொல்லியிருந்தார்.

"வாளியில பிடிச்சு கொஞ்சம் ஆறவிட்டு எடுங்க சார். நுரையோட அனுப்பினா மெஷின் குழம்பிடுது."

மெஷின் ஒன்றும் குழம்பாது. அது இவருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் பொய் சொல் என்று யாரும் சொல்லவில்லையே, ஆறவிடு என்றுதானே சொன்னார்கள்! பாட்டில் அதையே பிடித்துக்கொண்டார். வாளியை உயரத்தில் வைத்துச் சளசளவென்று தண்ணீரை விழ விடுவார். வீட்டுக்காரர்கள் டீ கொண்டுவந்து கொடுப்பார்கள். அதைக் குடித்து முடிப்பதற்குள் கேஸெல்லாம் காற்றோடு போய், தண்ணீர் பரம சாதுவாகிவிடும். பிறகு பாட்டிலில் ஊற்றுவார். நல்ல தண்ணீர் என்று பதில் வரும்.

அந்தப் பதிலை எல்லோரையும்விட அதிகமாக நம்பியது அவருடைய அக்காதான். கம்பெனி வந்த பிறகுதான் அக்கா வீட்டில் விளக்கெரிந்தது என்று சொல்ல வேண்டும். மாமா முதுகு போய் வீட்டோடு உட்கார்ந்துவிட்ட சமயத்தில், கம்பெனி ஆட்களின் சீருடை துவைக்கிற காண்டிராக்ட் அக்காவுக்குக் கிடைத்தது. எண்ணெய்க் கறையை எடுப்பதில் அக்காவை அடித்துக்கொள்ள ஆளில்லை. தெருவில் பாதிப் பேர் அவளிடம் வேலை பார்த்தார்கள். மீதிப் பேர் வீட்டு மாடியைக் கம்பெனி ஆட்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். தெரு முனையில், மிச்ச கேஸை எரித்துவிடுகிற கம்பெனியின் தீக்கம்பம் இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்தது. கொடியில் காய்கிற துணியில் கரி படியும். பழகிவிட்டது.

தையல்காரம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். குளியலறையில் குழாயைத் திறந்து வைத்துவிட்டு, கரண்ட் இல்லையென்று மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறாள். குப்பென்று பிடித்துக்கொண்டது. புருவம் போயிற்று, வலது கை விரல்கள் வெந்துபோயின. தையல்காரிக்கு விரல் போனால் வேறென்ன மிச்சம்? தண்ணீரில்தான் தீ வந்தது என்று தெருவெல்லாம் சொல்லி அழுதாள்.

பாட்டில் அவள் வீட்டுக்கும் போனார். வாளியை வைத்தார். கட்டுப்போட்ட கையால் அவள் டீயைக் கொண்டுவந்தாள், அது தட்டில் பாதி சிந்தியிருந்தது. இன்றாவது ஒழுங்காகப் பிடித்துவிடலாமா என்று ஒரு கணம் மனசு அடித்துக்கொண்டது. சூப்பர்வைசர் முகம் நினைவுக்கு வந்தது. அக்காவின் காண்டிராக்டும் நினைவுக்கு வந்தது. வாளியைப் பார்க்காமல் டீயைக் குடித்தார்.

நல்ல தண்ணீர் என்று பதில் வந்தது. அவ்வளவுதான், தெரு தையல்காரம்மாவைப் பிய்த்து எடுத்துவிட்டது. கம்பெனியிடம் பணம் பிடுங்கப் பார்க்கிறாள் என்றார்கள். எல்லோரிலும் அக்கா குரல்தான் ஓங்கி நின்றது.

"என் தம்பி கையால பிடிச்ச தண்ணி. அவன் பொய் சொல்றானா, இல்ல நீ சொல்றியா? அடுப்பு கேஸை மூடாம வச்சிட்டு ஊரு மேல பழி போடுற! வெக்கமா இல்ல உனக்கு?"

பாட்டில் பக்கத்தில்தான் நின்றிருந்தார். வெட்கப்பட வேண்டியவர் யார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அன்று முதல் தையல்காரம்மா எதிரே வந்தால் அடுத்த சந்தில் புகுந்து போனார்.

இப்படியே ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தார். அக்கா திறந்த வெளியில் அடுப்பு வைத்துத் துணி அவிக்கிறாள், காற்று அடித்துக்கொண்டு போய்விடும், அவளுக்கு ஒன்றும் வராது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லி வைத்திருந்தார்.

ஒரு நாள் காலை அக்காவிடமிருந்து போன் வந்தது.

"டேய், உடனே கிளம்பி வா. உனக்குக்கூட சொல்லாம ஒரு வேலை பண்ணியிருக்கேன்."

போய்ப் பார்த்தால், கொல்லைப்புறத்தில் புத்தம் புது அறை. தெரு சனம் முழுக்க அறை வாசலில் நின்றது. சூப்பர்வைசர்கூட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அறைக் கதவைத் திறந்து, தம்பியை மட்டும் முதலில் உள்ளே இழுத்தாள்.

"கரி படியுது, கரி படியுதுன்னு எத்தனை நாள் புலம்புறது? அதான், ஜன்னலே வைக்கல. காத்துகூட நுழையாது பாரு. விடியக்காலையில இருந்து மோட்டார் போட்டுத் தொட்டியை ரொப்பிட்டிருக்கேன்."

உள்ளே மூலையில் தொட்டியில் தண்ணீர் நுரைத்து நுரைத்து விழுந்துகொண்டிருந்தது. நடுவில் பெரிய கேஸ் அடுப்பு. அதன் மேல் துணி அவிக்கிற அண்டா. அக்கா லைட்டரை எடுத்துத் தம்பி கையில் திணித்தாள்.

"நீ பத்த வைடா. உன்னாலதான் நான் தலை நிமிர்ந்தேன்."

பாட்டில் நுரைக்கிற தொட்டியைப் பார்த்தார், ஜன்னல் இல்லாத சுவரைப் பார்த்தார். அடுத்த கணம் லைட்டரைக் கதவு வழியாகக் கொல்லையில் வீசி எறிந்தார். அக்காவின் கையைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்துக்கொண்டு வந்தார்.

"யாரும் உள்ள போகாதீங்க! மோட்டாரைத் தொடாதீங்க, சுவிட்சைத் தொடாதீங்க! தள்ளிப் போங்க, எல்லாரும் தள்ளிப் போங்க!"

"என்னடா ஆச்சு உனக்கு?"

"தண்ணியில கேஸ் இருக்குக்கா. அறை முழுக்க ரொம்பியிருக்கும்."

"போன வாரம்கூட நல்லா இருக்குன்னு சொன்னியே?"

சூப்பர்வைசர் தொண்டையைக் கனைத்தார். "சார், நாம ஆபீஸ்ல பேசிக்கலாம்."

பாட்டில் அவர் பக்கம் திரும்பவில்லை. "ஆறவிட்டு எடுத்தேங்கா. எப்பவுமே அப்படித்தான். கேஸ் போற வரைக்கும் காத்திருந்துட்டுத்தான் பிடிப்பேன். எல்லார் வீட்டுலயும்."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடித்திருந்தால் தேவலை போலிருந்தது. காண்டிராக்ட் போயிற்றே என்று கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கூட்டத்தில் யாரையோ தேடினாள். மதில் ஓரமாகத் தையல்காரம்மா நின்றிருந்தாள். தெரு முழுவதையும் அக்கா அழைத்திருந்ததால் அவளும் வந்திருந்தாள், முந்தானைக்குள் வலது கையை மறைத்துக்கொண்டு.

"அப்ப அவங்க வீட்டுல தீப்பிடிச்சப்பவே உனக்குத் தெரியும்" என்றாள் அக்கா.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்த. அவங்களை நான் நடுத்தெருவுல அந்தக் கேள்வி கேட்டப்ப, பக்கத்துலயே நின்ன. இன்னைக்கு உங்கக்கான்னதும் வாய் திறக்குது. அவங்க வேகலாம், நான் வேகக் கூடாது. அப்படித்தானே?"

அதுதான் உண்மை. பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு.

அக்கா தையல்காரம்மாவின் எதிரே போய் நின்றாள். அந்த வெந்த கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

"உன் பாட்டிலை எடுத்துட்டு வா. முதல்ல இவங்க வீட்டுத் தண்ணி. எல்லாரும் பார்க்கப் பிடி."

சூப்பர்வைசர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வண்டியைப் பார்த்து நடந்தார். மற்றவர்கள் எல்லோரும் தையல்காரம்மா வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். பாட்டில் வெளிக் குழாயடியில் மண்டி போட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து சின்னக் குழாயை எடுத்தார். வாங்கிய நாளிலிருந்து தொடாதது, மேலுறைகூடப் பிரிக்கவில்லை. உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தார்.

தையல்காரம்மா வீட்டு வாசற்படியில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குரலில் கோபமே இல்லை, எப்போதும் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"டீ போடட்டுமா தம்பி? தண்ணி ஆறணுமே."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. குழாயைப் பாட்டிலின் அடிவரை விட்டு, தண்ணீரைத் திறந்தார்.