காவலூருக்கு வந்த மளிகை

ஒடுகத்தூர் பஸ் நிலையத்தில் யாழினி காணாமல் போனது கொஞ்ச நேரம்தான். அதற்குள் சசிகலாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஒரு கையில் காய்கறிப் பை, மறு கையில் அரிசிப் பை, இடுப்பில் கைக்குழந்தை. புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வந்த நாலு வயது மகள் எப்போது பிடியை விட்டாள் என்றே தெரியவில்லை. பைகளை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். வளையல் கடை வாசலில் நின்று பலூன்காரரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள் யாழினி. அவளை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது, காய்கறிப் பையை யாரோ மிதித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

சசிகலா மலைக் கிராமங்களைச் சுற்றி வரும் சுகாதாரச் செவிலியர். கணவன் வெற்றிவேல் அரசு பஸ் ஓட்டுநர். அவனுக்குப் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் டூட்டி விழும். காவலூர்க் கடைகளில் அவசரத்துக்கு எல்லாம் கிடைக்கும். ஆனால் மாதச் சாமான், வாரத்துக்கான காய்கறி, குழந்தைக்கு டயப்பர் என்றால் மலை இறங்கித்தான் ஆக வேண்டும். அவளுக்குக் கிடைக்கும் ஒரே விடுமுறை நாளான ஞாயிறும் பஸ்ஸிலேயே போய்விடும்.

அன்று இரவு வெற்றிவேல் வீட்டுக்கு வந்ததும் நடந்ததைச் சொன்னாள். அவன் மகளை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டான்.

"இனிமே நான் போய் வாங்கியாறேன்" என்றான்.

"எப்பங்க போவீங்க? நீங்க வண்டிய வுட்டு எறங்குறதே இருட்டினப்புறம்தான்."

அவன் மகளின் கலைந்த தலையைக் கோதிவிட்டான்.

மறுநாள் சசிகலா தன் போனில் ஒடுகத்தூர் மளிகைக் கடை ஒன்றின் ஆப்பை இறக்கினாள். கடைக்குப் பெயர் ஈஸ்வரி ஸ்டோர்ஸ். பருப்பு, எண்ணெய், கத்திரிக்காய் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து முகவரியைப் போட்டதும், இந்தப் பகுதிக்கு டெலிவரி இல்லை என்று வந்தது. அவள் விடவில்லை. அதிலிருந்த எண்ணுக்குக் கூப்பிட்டாள். கடைக்கார அம்மா ஈஸ்வரியே எடுத்தாள்.

"மலைக்கா? ஒரு வூட்டு சாமானுக்கு வண்டி ஏத்துனா டீசலுக்கே கட்டுப்படி ஆவாதுங்க."

"எத்தினி வூடு இருந்தா வருவீங்க?"

"ஏழெட்டு வூடு சேத்துக் குடுங்க. சனிக்கெழம அனுப்பறேன்."

தடுப்பூசி போட்ட பிறகு தாய்மார்கள் குழந்தைகளோடு கொஞ்ச நேரம் காத்திருந்துதான் போக வேண்டும். அந்த வாரம் தடுப்பூசி நாளில் சசிகலா அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொண்டாள். சேர்ந்து வாங்கலாமா என்று கேட்டவுடனே அங்கன்வாடி டீச்சர் மஞ்சுளா சரி என்றாள். வடிவுதான் தயங்கினாள். அவளுக்கு இரட்டைக் குழந்தைகள். கணவன் திருப்பூரில் வேலை செய்கிறான்.

"போன்ல அமுக்குனா வந்துடுமா நர்சம்மா? அழுகலா அனுப்புனா யாரப் போய்க் கேக்கறது?"

"என்னைக் கேளு" என்றாள் சசிகலா. சொன்ன பிறகுதான், பெரிய பொறுப்பைத் தலையில் ஏற்றிக்கொண்டோம் என்று அவளுக்கு உறைத்தது. எட்டு வீடு சேர்ந்ததும் பட்டியலை ஈஸ்வரிக்கு அனுப்பிவைத்தாள்.

சனிக்கிழமை மதியம் மழை பிடித்துக்கொண்டது. வருவதாகச் சொன்ன நேரத்துக்கு வண்டி வரவில்லை. பெண்கள் அங்கன்வாடித் தாழ்வாரத்தில் பிள்ளைகளோடு ஒதுங்கி நின்றார்கள். ஈஸ்வரிக்குப் போட்ட போன் போகவில்லை. மலைப் பாதையில் பாதி தூரத்துக்கு டவர் கிடைக்காது என்று தெரிந்தும் சசிகலா திரும்பத் திரும்பப் போட்டாள். யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. பணத்தை எல்லோரும் முன்கூட்டியே போட்டிருந்தார்கள்.

மழை விட்ட பிறகு, வளைவில் ஒரு மினி வேன் முக்கிக்கொண்டு ஏறி வந்தது. டிரைவருக்குப் பக்கத்தில் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி. அவள் தோளில் சாய்ந்து ஒரு சிறுமி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஈஸ்வரிங்க" என்றபடி இறங்கினாள் அவள். "மரக்கெள ரோட்டுல வுழுந்து கெடந்துச்சு. அத நவுத்திப் போட்டுட்டு வர நேரமாய்ட்டுது. போன் வேற போவல."

"நீங்களே வந்துட்டீங்களா?" என்றாள் சசிகலா.

"மொத தடவ. காய் சரியில்லன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லட்டும்னுதான் வந்தேன். பாப்பாவ வூட்ல பாத்துக்க ஆளில்ல, அதான் கூடவே இட்டாந்தேன்."

வடிவு ஒவ்வொரு தக்காளியாக எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். கத்திரிக்காய் ஒன்றில் சொத்தை இருந்தது. ஈஸ்வரி அதை வாங்கிக்கொண்டு, இரண்டு நல்ல காயாக எடுத்து வைத்தாள். வடிவின் முகம் தெளிந்தது. "அடுத்த சனிக்கெழம வருவீங்களாக்கா?" என்று கேட்டாள்.

அரிசியும் பருப்பும் டயப்பரும் அவரவர் வீட்டு வாசல் வரைக்கும் வந்து இறங்கின. தோள் வலிக்கவில்லை. பிள்ளைகள் அழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெற்றிவேல் விடியற்காலையிலேயே டூட்டிக்குப் போய்விட்டான். பழக்கத்தில் சசிகலாவும் எழுந்து, முதல் பஸ்ஸுக்குப் புறப்படுகிறவள்போல அவசரமாகச் சீப்பை எடுத்தாள். பிறகு வைத்துவிட்டாள். யாழினிக்கு எண்ணெய் தேய்த்து நிதானமாகக் குளிப்பாட்டினாள். சின்னவன் தண்ணீரை அடித்து விளையாடினான், விளையாடட்டும் என்று விட்டாள். சாமைச் சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் செய்தாள். சாப்பிட்டு முடித்ததும் மகள், அம்மா எங்கேயாவது கிளம்பிவிடுவாளோ என்று இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனாள். மூன்றாவது முறை வந்தபோது சசிகலா அவளை இழுத்துப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் வெற்றிவேல் திரும்பி வந்தபோது வீட்டில் சத்தமே இல்லை. பாயில் மூன்று பேரும் படுத்திருந்தார்கள். பயந்துபோய்ச் சசிகலாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

"இன்னா சசி, ஒடம்புக்கு முடியலியா? இந்நேரத்துக்குத் தூங்கிக்கினு கீறே?"

"ஞாயித்துக்கெழமைங்க" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே.

அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, பிள்ளைகள் விழித்துவிடாதபடி சுவரோரமாக உட்கார்ந்தான்.