தாய்மாமன் சீராக வந்த ரத்தம்

இரண்டாவது பிரசவத்துக்குச் சீர் கேட்கிற மனுசனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். என் தங்கை இசக்கியம்மாளின் மாமனார் கொம்பையா, முக்கூடலில் உரக்கடை வைத்திருப்பவர். எங்கள் பக்கம் தலைப்பிரசவத்தோடு அந்தச் சீர் முடிந்துபோகும். அவருக்கு முடியவில்லை.

முதல் பிள்ளை பெண் என்பதால் அடுத்தது பேரன்தான் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். பேரனுக்குத் தங்க அரைஞாண் வேண்டாம், தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்துச் சென்னையில் ஒரு கம்பெனியில் சேமித்து வைக்க வேண்டும், அதுதான் தாய்மாமன் சீர் என்றார். எதிர்வீட்டு மருமகள் அப்படிக் கொண்டுவந்தாளாம். நாளைப்பின்னே பிள்ளைக்கு எந்த நோய் வந்தாலும் அந்த ரத்தம் காப்பாற்றிவிடும் என்று ஏஜெண்டு சொன்னானாம். தங்கை முகத்துக்காக வாயை மூடிக்கொண்டு பணத்தைக் கொடுத்துத் தொலைத்தேன். பிறந்தது பையன்தான். தாத்தா பெயரையே வைத்துவிட்டு, வீட்டில் தம்பி என்று கூப்பிட்டார்கள். மூத்தவள் கோமதி பிறந்தபோது அவள் கொடியைச் சீந்த ஆளில்லை.

அந்தக் கோமதிக்குத்தான் ஐந்து வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் ஊசியும் மருந்துமாகக் கிடந்து எழுந்தாள். முடி வளர்ந்து கிளிப் மாட்ட ஆரம்பித்த நேரத்தில் நோய் திரும்பிவிட்டது. இனி வேறொருவரின் கொடி ரத்தத்திலிருந்தோ எலும்புக்குள்ளிருந்தோ ரத்தம் ஊறவைக்கும் அணுக்களை எடுத்து ஏற்றினால்தான் பிழைப்பாள், அதுவும் பொருந்தினால்தான் என்றார் டாக்டரம்மா. எல்லோரையும் சோதித்தார்கள். அப்பாவுக்குப் பாதி பொருந்தியது, அம்மாவுக்குப் பாதி. சோதிக்கிற ஆறு அடையாளங்களில் தம்பிக்கு மட்டும் ஆறுக்கு ஆறு.

"கொடி ரத்தமுன்னா நாலு பொருந்தினாலே ஏத்திப் பாக்கலாம். இங்க ஆறும் பொருந்துது. சின்னப் பிள்ளையைக் குத்தி எடுக்கவும் வேண்டாம், ஏற்கெனவே எடுத்துப் பத்திரமா இருக்கு. அப்பா அம்மா ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுட்டா வரவழைச்சிரலாம்" என்றார் டாக்டரம்மா.

இசக்கி அங்கேயே கையெழுத்துப் போட்டாள். என் மச்சான் சிவசண்முகம் இருக்கிறாரே, கங்கைகொண்டான் ஃபேக்டரியில் ஒரு ஷிப்டையே மேய்க்கிறவர், "அப்பாட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுதேன்" என்று பேனாவை மூடிவிட்டார். சொந்த மகளுக்கு மருந்து கொடுக்க அப்பனிடம் உத்தரவு!

முக்கூடல் வீட்டில் கொம்பையா ஒரே வார்த்தையில் முடியாது என்றார். "அது பேரனுக்குன்னு வச்சது. நாளைக்கு அவனுக்கு இதே சீக்கு வந்தா நான் எங்கன போவேன்? பெட்டப்பிள்ளைக்கு எடுத்துக் குடுத்துட்டு வெறுங்கையோட நிக்கவா?"

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "மாமா, அது நான் குடுத்த சீரு" என்று கத்தினேன்.

"சீரு குடுத்தாச்சுன்னா எங்க வீட்டுப் பொருளு வே. குடுத்தத வந்து கேக்கது எந்த ஊரு முறை?"

"தம்பிக்கு இந்த நோய் வந்தாலும் அவன் ரத்தம் அவனுக்கு உதவாதுன்னு டாக்டரம்மா சொல்லுதாங்க. நோயோட வித்து அதுலயே கெடக்கலாமாம். மத்தவங்களுக்குத்தான் அது பிரயோசனம்."

"அப்ப ஏஜெண்டு பொய்யா சொல்லுதான்? கோட்டுப் போட்ட பையன் வே அவன்."

கல்யாணத்தின்போது பத்துக்கு ஏழு பொருத்தம் என்று ஊரெல்லாம் பீற்றிய மனுசன், ஆறுக்கு ஆறு பொருந்தியும் மசியவில்லை. மச்சான் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார். உள்ளறையில் கோமதி தம்பியை மடியில் சாய்த்துக் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் அவர்கள் இருவரைத் தவிர எல்லோரையும் அறையலாம் போலிருந்தது எனக்கு.

இசக்கி காப்பியைக் கொண்டுவந்து மாமனார் முன்னால் வைத்தாள். குரலே உயரவில்லை.

"நீங்க சொல்லது சரிதான் மாமா. தம்பிக்கு நாளைக்கு வந்தா யாரு குடுப்பா? எனக்கும் அவுகளுக்கும் பாதிதான் பொருந்துது. முழுசாப் பொருந்துதது கோமதி ஒருத்திதான். அவ இருந்தா அவ எலும்புக்குள்ள இருந்து எடுத்துத் தம்பிக்கு வைக்கலாம். அவளும் போயிட்டா ஒலகத்துல எங்கன போயித் தேட?"

கொம்பையா காப்பியைத் தொடவில்லை. மகன் பக்கம் திரும்பினார்.

"இத மொதல்லயே சொல்லதுக்கென்ன? ஏலே சண்முகம், கையெழுத்தப் போடு. அவ இருக்கணும்லா!"

அவள் இருக்க வேண்டுமாம். லாரிக்கு ஸ்டெப்னி இருக்க வேண்டும் என்கிற மாதிரி. மச்சான் தலையாட்டிக்கொண்டே போட்டார். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை.

பஸ் ஸ்டாப் வரைக்கும் இசக்கி கூட வந்தாள். ஆத்திரத்தையெல்லாம் அவள்மேல் கொட்டினேன். "பெத்த பிள்ளைய அவ தம்பிக்கு உதிரி சாமானாட்டம் பேசிட்டு வாரியே, உனக்கு வெக்கமா இல்ல?"

"அண்ணே, கோமதி எலும்புல இருக்கதையெல்லாம் மருந்தால அழிச்சிட்டுத்தான் தம்பியோடத ஏத்துவாக. அதுக்குப் பெறகு அவ உடம்புல ஊறப்போறது தம்பி ரத்தம். அவன் ரத்தம் அவனுக்கே ஆகாதுன்னா, அவகிட்ட இருந்து எடுத்து வச்சு என்ன ஆகப்போவுது? டாக்டரம்மாட்ட கேட்டுட்டுத்தான் வந்தேன்."

"அப்ப உம் மாமனார்ட்ட சொன்னது?"

"அவருக்கு எது ஏறுமோ அதச் சொன்னேன்" என்றாள் இசக்கி. "எம் மக யாருக்கும் ஒண்ணும் குடுக்க வேண்டாம். அவ பொழச்சாப் போதும்."