அலுகோசு வேலைக்கு எங்கள் ஆள்

1

2019 பெப்ரவரி, கொழும்பு. தூக்குத் தண்டனையை நிறைவேற்றும் அலுகோசு பதவிக்கு ஆட்கள் தேவை என்று சிறைச்சாலைத் திணைக்களம் பத்திரிகையில் விளம்பரம் செய்தது. இலங்கையில் கடைசியாக ஒருவர் தூக்கிலிடப்பட்டது 1976இல்.

இந்தக் கதை அந்த விளம்பரத்தில் பிறக்கவில்லை. சில நாட்கள் கழித்துத் தலவாக்கலை பஸ் நிலையத்தில் பிறந்தது. மரண தண்டனையைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஒரு பத்திரிகைக்காகக் கேட்டுக்கொண்டு நின்றேன். முச்சக்கர வண்டிக்காரர் வேண்டும் என்றார். புடவைக் கடை முதலாளி வேண்டும் என்றார். ஒரு கிழமைக்குள், ஏழே நாளில், தூக்கில் போட்டுவிட வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார். கடைசியாக ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண்ணிடம் கேட்டேன். "போடத்தான் வேணும்" என்றார். பஸ்ஸின் படியில் கால் வைத்தவர் திரும்பிப் பார்த்து, "அந்த வேலைய எடுக்கிற ஆளு ஒங்க வீட்டுக்கு வந்தா சோறு போடுவீங்களா?" என்று கேட்டார். நான் பதில் யோசிப்பதற்குள் பஸ் போய்விட்டது.

அவருடைய பெயர் தெரியாது. ஜெயந்தினி என்று வைத்துக்கொண்டேன். இனி வருவதெல்லாம் நான் உண்டாக்கியவை.

2

முதல் தொடக்கம்: "லயத்துக் கூரைமேல் மூடுபனி மெல்ல இறங்கிக்—"

அடித்துவிட்டேன். மலையகத்தைப் பற்றி எழுத உட்காரும் எல்லாருடைய பேனாவிலிருந்தும் முதலில் பனிதான் சொட்டுகிறது.

இரண்டாம் தொடக்கம்: "அந்தச் சிறுமியின் உடலை முதலில் கண்டவர்—"

இதையும் அடித்துவிட்டேன். தோட்டத்தின் பக்கத்து டிவிசனில் ஒரு சிறுமி கொல்லப்பட்டாள் என்பது கதைக்குத் தேவை. எப்படிக் கிடந்தாள் என்பது தேவையில்லை. தாயின் பெயர் ஜீவராணி. பொலிஸ் ஒருவனைப் பிடித்து அடைத்திருக்கிறது. இவ்வளவு போதும்.

மூன்றாவது தொடக்கம் நின்றுவிட்டது: விண்ணப்பம் போடச் சொன்னவள் ஜெயந்தினிதான்.

3

விண்ணப்பம் போடச் சொன்னவள் ஜெயந்தினிதான்.

லிந்துலைப் பக்கத்தில் ஒரு தோட்டம். (பெயர் வைக்கவில்லை. வைத்தால் யாராவது தேடிப் போவார்கள்.) சிறுமி இறந்த மூன்றாம் நாள் தோட்டமே வேலையை நிறுத்திவிட்டு டவுனுக்கு ஊர்வலம் போனது. 'தூக்கில் போடு' என்று எழுதிய அட்டையைத் தூக்கிக்கொண்டு ஜெயந்தினி முன்வரிசையில் நடந்தாள். அன்று அரசாங்கத்துக்குப் போன மனுவில், லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். ஊர்வலத்தில் வேடிக்கை பார்க்கப் போனவர் எவரும் இல்லை. அந்தப் பிள்ளையை எல்லாருக்கும் தெரியும்.

விளம்பரம் வந்த அன்று தோட்டத் தலைவர் இராமையா தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் நின்று பத்திரிகையை வாசித்தார். பெண்கள் குடங்களோடு வரிசையில் நின்றார்கள்.

"அலுகோசு வேலைக்கு ஆள் எடுக்கிறாங்களாம். நல்ல ஒழுக்கம் வேணுமாம், மனத்திடம் வேணுமாம்."

"மனத்திடமா? அப்ப நம்ம கந்தப்பண்ணன்தான்" என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி சுலக்ஷனா. "இந்த அக்காவோட பதினாறு வருசமா குடும்பம் நடத்துறாரே!"

பீலியடியே சிரித்தது. ஜெயந்தினியும் சிரித்தாள். சிரித்து முடித்துக் குடத்தை இடுப்பில் ஏற்றும்போது, "ஏன், போட்டா என்னாவாம்? அரசாங்க வேலை. பென்சன் வரும்" என்றாள்.

"சரியாத்தானே சொல்லுது தங்கச்சி" என்றார் இராமையா. "நம்ம ஆளுக எத்தன பேரு அரசாங்கத்துல இருக்காங்க?"

ஜெயந்தினியின் புருஷன் கந்தப்பன், தேயிலையைக் கவாத்து வெட்டும் கவ்வாத்துக் கூட்டத்தில் முன்னால் நிற்கும் ஆள். தேயிலைச் செடியை அவன் வெட்டிய வெட்டு பிசிறில்லாமல் இருக்கும். குடிப்பதில்லை. ஒவ்வொரு திருவிழாவிலும் விரதமிருந்து அம்மன் கரகத்தை எடுப்பவன் அவன்தான். ஒழுக்கத்துக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? நற்சான்றிதழ் வாங்க இராமையாவே அவனைக் கிராம சேவகரிடம் கூட்டிப் போனார். நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வந்ததும், மறுநாள் பெயர் கூப்பிடும் காலைப் பெரட்டில், எல்லாரும் வேலைக்குப் பிரிவதற்கு முன், "எங்க ஊட்டுக்காரர கொழும்புக்குக் கூப்பிட்டிருக்காங்க" என்று ஜெயந்தினி சத்தமாகச் சொன்னாள். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா கைகொடுத்தார். அன்றைக்கு அவள் நடந்த நடையை எழுத எனக்கு வார்த்தை போதவில்லை. கொழுந்துக் கூடை தலையிலிருந்து முதுகில் தொங்கும்போதும் நிமிர்ந்து நடக்க முடியும் என்று காட்டினாள்.

[கந்தப்பன்மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அவன் என்ன நினைத்தான் என்று மூன்று பக்கம் எழுதிப் பார்த்தேன். உயிரின் மதிப்பு, சட்டத்தின் எல்லை என்று போயின. எல்லாம் என் யோசனைகள். அவன் வாயில் வைத்திருந்தேன். கிழித்துவிட்டேன். எல்லாப் பிரதிகளிலும் இந்த இடத்தில் மிஞ்சியது அவன் சொன்ன ஒரே வரிதான்: "நீ சொல்றதுன்னா போடுறேன் புள்ள."]

4

இங்கே ஒரு கட்டுரைப் பத்தி வருகிறது. விரும்பாதவர்கள் ஐந்தாம் பகுதிக்குப் போகலாம்.

மரண தண்டனை வேண்டும் என்பவர்களைக் காட்டுமிராண்டிகள் என்று எழுதிவிட்டு நகர்வது எளிது. அப்படி எழுதுபவர்களில் பலர் ஜீவராணியின் வீட்டு வாசலில் நின்றதில்லை. நான் நின்றிருக்கிறேன்; அதாவது, நின்றதாக ஒரு பக்கம் எழுதினேன். அந்தப் பக்கத்தில் அவரிடம் சொல்ல எனக்கு ஒரு வாக்கியமும் கிடைக்கவில்லை. ஆனால் வேண்டும் என்று சொன்னவர்களிடமும் ஒன்றைக் கவனித்தேன். தூக்கு எங்கோ வெலிக்கடைச் சிறையில், மதிலுக்கு உள்ளே, தன்பாட்டில் நடந்துவிடும் என்பதுபோலப் பேசினார்கள். லீவரை இழுக்கும் ஆளுக்கும் ஒரு வீடு, ஒரு பெண்சாதி, ஒரு கோயில் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. பஸ் படியில் கால் வைத்த அந்தப் பெண்ணைத் தவிர.

5

திருவிழாவுக்கு முன்னால் கோயில் கமிட்டி கூடியது. கமிட்டிக்கும் இராமையாதான் தலைவர். ஆண்கள் முன்னால் பாயில் இருந்தார்கள், பெண்கள் ஓரமாக.

"கந்தப்பா, தப்பா எடுத்துக்காத. இந்த வருசம் கரகத்த துஷாந்த் எடுக்கட்டும்."

பாயின் ஓரத்தில் இருந்த லயத்து இளைஞன் துஷாந்த் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது.

"ஏன் தலைவரே?" என்றான் கந்தப்பன்.

"உசிரு எடுக்கிற கையில அம்மன் கரகம்... நாலு பேரு நாலு விதமாப் பேசுறாங்க."

"இன்னும் ஒண்ணும் எடுக்கலையே."

"எடுக்கத்தானே போறேப்பா."

ஜெயந்தினி எழுந்தாள். கோயில் கூட்டத்தில் அவள் பேசியதில்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்கிறேன். கவ்வாத்து தொடங்கும்போது கவ்வாத்துசாமிக்குச் சேவல் அறுக்கிறோம். அறுக்கிறதுக்கு முந்தி எல்லாரும் வந்து கத்தியில கை வக்கிறோம். எதுக்கு?"*

இராமையா பதில் சொல்லாமல் இருக்க முடியாது. சின்ன வயதிலிருந்து கை வைத்தவர். "அறுக்கிற பாவம் ஒருத்தன் தலையில மட்டும் விழக்கூடாதுன்னு."

"சேவலுக்கே அப்பிடி. தூக்குல போடணும்னு ஊர்வலம் போனோமே, நானும்தானே போனேன். இப்பயும் போடணும்னுதான் சொல்றேன். அப்பிடிப்பட்டவனுக்கு உசிரு எதுக்கு? ஆனா போடணும்னா ஒரு ஆளு வேணும். அந்த ஆளு எங்க ஆளு. அவரு ஒளிஞ்சு போவல, நீங்கதான் கிராம சேவகர்கிட்ட கையெழுத்து வாங்கிக் குடுத்தீங்க." அவள் ஆண்களுக்கு நடுவே நடந்துபோய்க் கந்தப்பனின் வலது கையைப் பிடித்து எல்லாருக்கும் முன்னால் நீட்டினாள். தன் கையை அதன்மேல் வைத்தாள். "மொதக் கை என்னுது. மனுவில கையெழுத்துப் போட்டவங்க வந்து வைங்க. வச்சிட்டா அப்புறம் யாரு கரகம் எடுத்தாலும் எனக்குச் சம்மதம்."

யாரும் அசையவில்லை. பின்னால் ஒருவர், "மழ வரப்போவுது, சீக்கிரம் முடிங்கப்பா" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

சுலக்ஷனா எழுந்தாள். பாதித் தூரம் வந்தாள். "எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைக இருக்குக்கா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப்போய் உட்கார்ந்தாள்.

அவள் மனுவில் கையெழுத்துப் போட்டதும் அந்த இரண்டு பெண் பிள்ளைகளுக்காகத்தான்.

"ஜீவராணி கூட்டத்துக்குப் பின்னாலிருந்து எழுந்து—"

இல்லை. அவரை எழுப்ப எனக்கு உரிமை இல்லை. எழுந்து வந்து கை வைத்தால் ஒரு பக்கம் வென்றுவிடும். வைக்காமல் அழுதால் மறுபக்கம் வென்றுவிடும். ஜீவராணி அன்று கூட்டத்துக்கு வரவில்லை என்றே எழுதுகிறேன்.

ஜெயந்தினி கையை எடுத்துக்கொண்டு, "வாங்க போவோம்" என்றாள். இருவரும் தலையைத் தொங்கப் போடாமல் நடு வழியாக நடந்து போனார்கள். அவளை மனம் மாற வைத்து, மரண தண்டனையே வேண்டாம் என்று சொல்ல வைக்க நான் இரண்டு தடவை முயன்றேன். அவள் மசியவில்லை. அவள் கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் நான் உண்டாக்கிய ஆட்களில் தன் கருத்துக்குத் தானே முன்னால் வந்து கை வைத்தவள் இவள் ஒருத்திதான். அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் பெருமையாக இருக்கிறது.

* கவ்வாத்துசாமிக்குச் சேவல் பலியிடுவது மலைநாட்டுத் தோட்டங்களில் உள்ள வழக்கம். எல்லாரும் கத்தியில் கை வைப்பது மட்டும் இந்தத் தோட்டத்துக்கு நான் வைத்த வழக்கம். எங்கேயாவது உண்மையிலேயே இருந்தால் சந்தோஷம்.

6

மறுநாள் கந்தப்பனும் ஜெயந்தினியும் வேலை முடிந்து வரும்போது அவர்கள் வீட்டு வாசலில் இராமையா நின்றார். ஜெயந்தினி தேத்தண்ணி கொடுத்தாள். அவர் வாங்கிக் குடித்தார். அதையும் எழுதத்தான் வேண்டும்.

"கந்தப்பா, அந்தக் கடுதாசியத் திருப்பி அனுப்பிரு. கரகம் ஒனக்குத்தான். நான் பொறுப்பு."

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க" என்றான் கந்தப்பன். "எனக்கு அந்த வேலையில மொதல்ல இருந்தே மனசு இல்ல."

ஜெயந்தினி சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

"அப்பறம் என்னாப்பா? முடிஞ்சிச்சே."

"முடியலண்ணே. நேத்துவரைக்கும் போவ வேணாம்னுதான் இருந்தேன். இப்ப போறேன். போவாட்டி, நீங்க தடுத்துட்டீங்க, அதனால இருந்துட்டான்னு ஆயிரும். வேணாம்னா அது என் வாயால வரணும். வேணும்னாலும் என் வாயால வரணும். அத அங்க போய்ச் சொல்லிக்கிறேன்."

"கரகம்?"

"ஒங்க இஷ்டம். கரகத்துக்காக நான் வெல பேச மாட்டேன்."

இராமையா போன பிறகு ஜெயந்தினி அடுப்படியில் போய் உட்கார்ந்தாள். அடுப்பை ஊதினாள். ஊத வேண்டியதற்கு மேலும் ஊதினாள்.

"மனசு இல்லைன்னு எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ பெரட்டுல சொல்லிட்டு வந்த. ஒன் மொகத்தப் பாத்தேன். சொல்ல வரல."

"லூசு."

"ஆமா."

"இப்ப அங்க போய் என்னா சொல்லப் போறீங்க?"

"ரயில்ல யோசிச்சுக்கிறேன்."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு எழுந்து, அவனுடைய வெள்ளைச் சட்டையை எடுத்து அயன் பண்ண உட்கார்ந்தாள். பென்சன் போனாலும் போகட்டும், இந்தச் சட்டையில் ஒரு சுருக்கம்கூட இருக்கக்கூடாது என்று நினைத்தாள். இந்த ஆளுக்காகத் தலை நிமிர அரசாங்கம் தேவையில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

7

முடிவுகள்.

(அ) அவன் வேண்டும் என்கிறான். தெரிவாகிறான். லயத்தில் அவனுக்கு வணக்கம் சொல்கிறார்கள். கல்யாணப் பத்திரிகை மட்டும் வைப்பதில்லை. இதை எழுதி முடித்தேன். அவனைத் தண்டிப்பதுபோல இருந்தது.

(ஆ) அவன் வேண்டாம் என்கிறான். மரண தண்டனையை எதிர்க்கும் நண்பர்கள் கைதட்டினார்கள். அவர்கள் கைதட்டியதால் இதை எடுத்துவிட்டேன்.

(இ) "அதிகாரிகளுக்கு முன்னால் கந்தப்பன் எழுந்து நின்று, ஐயா, ஒரு உயிரை—"

அவன் அப்படிப் பேசக்கூடிய ஆளில்லை. பேசுவது நான்.

ஆகவே அந்த அறைக்குள் நான் போகவில்லை. நான் பஸ் நிலையத்தில் கேட்டிருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்களோ, அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு நீங்களே உள்ளே போங்கள். மேசைக்கு எதிரே உள்ள நாற்காலியில் கந்தப்பன் இருப்பான். என்ன சொல்லப் போகிறான் என்பதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். அதற்கு வெளியே நடந்தவை மட்டும் என் பொறுப்பு.

கந்தப்பன் தலவாக்கலையில் ரயிலேறி நேர்முகப் பரீட்சைக்குப் போனான். ஜெயந்தினி அன்று கொழுந்து பறிக்கப் போனாள். அந்த ஆண்டு அம்மன் கரகத்தைத் துஷாந்த் எடுத்தான்.