எட்டில் நாலு கேமரா

எங்கள் வீட்டில் எவர் விலை சொன்னாலும் முதலில் சிரிப்போம், பிறகு பாதிக்குக் கேட்போம். வாழைத்தார் மண்டியில் வளர்ந்தவனுக்கு வேறென்ன தெரியும்? கிளவுட்காரனிடம் அது செல்லாது. எங்கோ மும்பையில் இருக்கும் கணினியை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறான். விலை திரையில் வரும். சிரித்துக் காட்ட எதிரே ஆள் கிடையாது. குறைவாக எடுத்துக்கொள்வது ஒன்றுதான் வழி.

திருச்செந்தூர் சஷ்டிக் கூட்டத்தில் காணாமல் போனவர்களைத் தேடும் வேலை எங்களுக்குக் கிடைத்திருந்தது. எட்டு கேமரா. வருகிற முகம் நாங்கள் கொடுத்த போட்டோவோடு ஒத்துப்போனால் அந்த நொடியே மணி அடிக்கும். தாடி மீசையோடு இருந்த என் அண்ணன் மாடக்கண்ணுவின் போட்டோவையும் சேர்த்தேன். அப்பா சொன்ன ஒரு சொல் பொறுக்காமல் மூன்று வருஷத்துக்கு முன் வீட்டை விட்டுப் போனவன். போன சஷ்டியில் அவனை அங்கே கண்டதாக அம்பாசமுத்திரத்துக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார்.

அண்ணன் மனைவி பாக்கியவதி, தரிசன வரிசைப் பக்கம் நின்று பார்ப்பதாகச் சொன்னார்.

“வெயில்ல எதுக்கு மதினி? மிஷின் பாத்துக்கிடும். உள்ள உக்காருங்க.”

முதல் நாளே வாடகை எகிறியது. மிஷினைக் கவனிக்கும் ஹெப்ரான் கேட்டான்: “அண்ணாச்சி, கடற்கரைப் பக்கம் நாலு கேமரா. அதுலயும் தேடணுமா?”

“கடலுக்கு வாரவன் எல்லாம் வரிசைக்கு வந்துதான்லே ஆகணும். ஒரே முகத்தை ரெண்டு மட்டம் விலைக்கு வாங்குவியா? நிறுத்து.”

படம் பதிவாகிக்கொண்டுதான் இருந்தது; முகம் தேடுவதை மட்டும் நிறுத்தினோம். மணி அடித்தால் மட்டும் முகம் காட்டும் திரைக்கு முன்னால் ஆறு நாளும் மதினி உட்கார்ந்திருந்தார். மணி அடிக்கவில்லை.

திருவிழா முடிந்த மூன்றாம் நாள், வாடகை மலிந்த நேரம் பார்த்துக் கடற்கரைப் பதிவை ஓட்டினோம். நாலாம் திருநாள், காலை பத்தே முக்கால்: தாடி மீசையோடு அண்ணன். முடி இறக்கும் கொட்டகைக்குள் போகிறான். அந்த நேரத்தை வைத்து வரிசைப் பதிவைப் பார்த்தால், மழித்த முகம், மொட்டை நிறையச் சந்தனம். மிஷினுக்கு அவன் யாரோ. ஹெப்ரான் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன், மொட்டை போட்டுவிட்டு வரிசைக்கு வரும் வழக்கம் அவனுக்குத் தெரியாது. ஐந்து வயதில் அதே கொட்டகையில் உட்கார்ந்து அழுத எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மதினிக்கு ஒரு நொடி போதுமாயிருந்தது. “மெலிஞ்சிட்டாவளே” என்றார். “நான் அங்கன நின்னிருந்தா நடையைப் பாத்தே சொல்லியிருப்பேன்.”

நான் பதிவை மேலே ஓட்டினேன்.

“அந்த நாலு கேமராவுக்கு எவ்வளவு தம்பி?” என்றார் மதினி.

“ஒரு நாளைக்கு ரெண்டாயிரத்து நானூறு மதினி.”

“சொல்லியிருந்தா நானே குடுத்திருப்பேனே.”

குரலில் கோபமே இல்லை. நான் எதிர்பார்த்தது கோபத்தை. திரையில் அண்ணன் திருநீறு வாங்கிக்கொண்டு வெளிவாசல் பக்கம் திரும்பினான்.

“நிறுத்துங்க தம்பி” என்றார் மதினி. “அவுக வாசலைத் தாண்ட வேண்டாம்.”