வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி

கஞ்சியை இரண்டாவது தடவையாகச் சல்லடையில் ஊற்றிக் கரண்டியின் முதுகால் தேய்த்துக்கொண்டிருந்தாள் மந்திரி. வாசலில் கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்ப்பதற்குள், நாத்தனார் கை நிறையப் பைகளோடு கூடத்துக்கே வந்துவிட்டாள். பைகளைத் தரையில் போட்டுவிட்டு நேராக அப்பாவின் கட்டிலருகே போய் நின்றாள். போர்வையை விலக்கி அவருடைய கையைத் தூக்கிப் பார்த்தாள். முழங்கை எலும்பு தோலைக் குத்திக்கொண்டு நின்றது. கையை மெல்லக் கீழே வைத்தாள்.

மந்திரி என்பது மாமனார் வைத்த பெயர். முழுப் பட்டம் நிதி மந்திரி. அச்சகத்தில் கணவனுக்கு வேலை நாட்களைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். வீட்டுக்காரரிடமும் மருந்துக் கடையிலும் பேரம் பேச முடியாது. வெட்டுவதற்கென்று மிச்சமிருந்தது சாப்பாட்டுச் செலவு ஒன்றுதான். அவள் அதில் இறங்கினால் இறங்கினதுதான். என்ன சமைப்பது என்று முடிவு செய்துகொண்டு கடைக்குப் போகிற வழக்கம் போய், சந்தையில் எது மலிவோ அதுதான் அன்றைய சமையல் என்றாயிற்று. முட்டைக்கோஸின் தண்டைக்கூட நறுக்கி வதக்கினாள். கேரட் தோலும் கீரைக் காம்பும் சூப்பாயின. குக்கரை ஒரு தடவை ஏற்றினால் அடியில் பயறு, மேலே சோறு, சோற்றுக்கு மேல் உருளைக்கிழங்கு என்று எல்லாம் ஒன்றாக வெந்து இறங்கும்.

மாமனார் ஆயுள் முழுக்க பஸ் கண்டக்டராக இருந்தவர். மருமகளின் ஆட்சி அவருக்குப் பிடித்துப் போயிற்று. கடை மூடுகிற நேரமாகப் பார்த்துப் பையோடு கிளம்புவார். "கடைசி பஸ்ல ஏறுற காய்க்கு அரை டிக்கெட்தாம்மா" என்று சொல்லிக்கொண்டு திரும்பி வருவார்.

மூளையில் அடைப்பு வந்து பேச்சும் வலது கையும் போனபோது, விழுங்குகிற சக்தியும் பாதி போயிற்று. வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் மந்திரியை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். கட்டி என்று ஒரு துளி இருக்கக் கூடாது. நிமிர்த்தி உட்கார வைத்து அரைக் கரண்டி கொடுக்க வேண்டும். தொண்டை ஏறி இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்தது. அன்றிலிருந்து வீட்டில் வாங்கிய முட்டையும் வெண்ணெயும் அவருடைய கிண்ணத்துக்குத்தான் போயின. கசாப்புக் கடையில் எலும்பு வாங்கி வந்து பாதி நாள் கொதிக்க வைத்து, அந்தச் சாற்றில்தான் அவருக்குக் கஞ்சி காய்ச்சினாள். ஆனாலும் உடம்பு கரைந்துகொண்டே வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சாப்பிட்டால் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். குருவிக் குஞ்சு போல வாய் தானாகத் திறக்கும். அதைப் பார்த்த பிறகு அவள் சமையலறையில் நின்றபடியே தின்று முடிக்கப் பழகிக்கொண்டாள்.

நாத்தனார் வெளியூரில் துணிக்கடை வைத்திருந்தாள். அப்பாவைப் போனில் முகம் பார்த்துப் பேசுகிறபோதெல்லாம் கன்னம் ஒட்டிக்கொண்டே போவதைக் கண்டு சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் புலம்பியிருக்கிறாள் என்பது மந்திரிக்குத் தெரியும். இப்போது அவள் சமையலறைக்குள் வந்து ஃபிரிட்ஜைத் திறந்தாள். அரை முட்டைக்கோஸ், ஊறிய பயறு, எலும்புச் சாறு இருந்த பாத்திரம். அதன் மூடியைத் திறந்து மேலே உறைந்திருந்த கொழுப்பைப் பார்த்து முகம் சுளித்து மூடினாள்.

"மிச்சம் பிடிக்கணும்னா உன் வயித்துல பிடி. எங்கப்பா வயித்துலயா பிடிப்பே?"

டாக்டர் சொன்னபடிதான் கொடுப்பதாக மந்திரி சொன்னாள். டாக்டர்கள் ஆயிரம் சொல்வார்கள் என்றாள் நாத்தனார். நாளைக்கே அப்பாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போவதாகவும், தம்பியிடம் நேற்றே பேசி முடித்துவிட்டதாகவும், உன் இஷ்டம் என்று அவனும் சொல்லிவிட்டதாகவும் சொன்னாள். நேற்று முழுக்க ஒரே வீட்டில் இருந்தும் கணவன் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. மந்திரி கஞ்சிப் பாத்திரத்தை மூடினாள்.

வெளியே மழை தூற ஆரம்பித்தது. மாமனாரின் விரிப்புகள் மாடியில் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றை எடுக்கப் போவதற்கு முன் மந்திரி கட்டிலருகே நின்று, "அண்ணி, கட்டியா எதுவும் குடுத்துடாதீங்க. மூச்சுக்குழல்ல போயிடும்" என்றாள். நாத்தனார் அப்பாவின் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள். கேட்டாளா இல்லையா தெரியவில்லை.

விரிப்புகளை அள்ளிக்கொண்டு படியிறங்கி வரும்போதே இருமல் கேட்டது. அவருடைய இருமல்களை எல்லாம் அவளுக்கு ரகம் பிரித்துத் தெரியும். இது அந்த ரகம் எதிலும் சேராது. விரிப்புகளைப் படியிலேயே போட்டுவிட்டு ஓடினாள்.

கட்டிலில் கேக் டப்பா திறந்து கிடந்தது. மாமனாரின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. நாத்தனார் அவருடைய நெஞ்சை நீவி, "அப்பா, அப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மந்திரி அவளைத் தள்ளிவிட்டு, அவரைத் தன் கையின் மேல் குனிய வைத்து முதுகில் ஓங்கித் தட்டினாள். மறுபடியும் தட்டினாள். முந்திரிப் பருப்போடு ஒரு துண்டு வெளியே வந்து விழுந்தது. மூச்சும் வந்தது. ஆனால் அது நல்ல மூச்சு இல்லை. அடைத்த குழாய்க்குள் தண்ணீர் புரளுகிற மாதிரி இருந்தது.

ஆம்புலன்ஸில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து வந்தார்கள். மந்திரியின் நாக்கு நுனியில் ஒரு வாக்கியம் நின்றுகொண்டிருந்தது. அதைச் சொல்லிவிட்டால் எதிரே இருப்பவள் ஆயுசுக்கும் எழுந்திருக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. சொல்லாமல் இருப்பதற்கு ஒரு காரணமும் தோன்றவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மாமனாரின் காலைப் பிடித்தபடியே வந்தாள்.

அவசரப் பிரிவில் இளம் டாக்டர் ஒருவர் என்ன நடந்தது என்று கேட்டார். கேக் தொண்டையில் சிக்கியது, ஒரு பகுதி வெளியே வந்தது, மீதி உள்ளே போயிருக்கும் என்று மந்திரி தெளிவாகச் சொன்னாள். டாக்டர் பழைய சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இவருக்குக் கெட்டியா எதுவும் குடுக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கே. யார் குடுத்தது?"

நாத்தனாரின் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

"நாங்கதான்" என்றாள் மந்திரி.

டாக்டர் இருவரையும் பார்த்துவிட்டுத் திரையை இழுத்துக்கொண்டு உள்ளே போனார். நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்த பிறகு நாத்தனார் தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"அவரே வாயைத் தொறந்தாரு."

"தெரியும்" என்றாள் மந்திரி.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. மையில் தோய்ந்த கையோடு கணவன் ஓடி வந்தபோது திரை விலக்கப்பட்டிருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்து நின்றான். அழுதான். பிறகு மனைவியைத் தனியே அழைத்து, டாக்டர் ஏதோ கேக் என்கிறாரே, நம் வீட்டில் கேக் ஏது என்று கேட்டான். அவன் பெஞ்சின் பக்கம் திரும்பினான். அக்கா அதில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தாள். அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. நேற்றுப் போனில் பேசியதைப் பற்றி இவளும் கேட்கவில்லை.

மறுநாள் காரியங்கள் முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். வந்தவர்களுக்குச் சாப்பாடு வேண்டும். ஓட்டலில் சொல்லிவிடலாமா என்று கணவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். வேண்டாம் என்று மந்திரி அடுப்படிக்குப் போனாள். இருந்த பயறெல்லாம் பெரிய பாத்திரத்துக்குப் போயிற்று. பக்கத்து வீட்டில் ஒரு பாத்திரம் இரவல் வாங்கிச் சோறு வடித்தாள். கை வேலை செய்துகொண்டிருக்கும்வரை தலைக்குள் எதுவும் ஓடாமல் இருந்தது.

கூடத்தில் மாமனாரின் கொழுந்தியாள், கணவனுக்குச் சித்தி, தட்டோடு நடுவில் உட்கார்ந்திருந்தாள். சும்மாவே எட்டு ஊருக்குக் கேட்கிற குரல். இரண்டாவது தடவை பயறு வாங்கிப் போட்டுக்கொண்டே, அத்தான் எப்படி இருந்த மனுஷன், எலும்புக் கூடாகப் போனாரே என்று ஆரம்பித்தாள். பரிமாறிக்கொண்டிருந்த மந்திரி அவள் தட்டருகே வந்ததும் குரல் இன்னும் ஏறியது.

"வாயைக் கட்டி வயித்தைக் கட்டின்னு சொல்லுவாங்க. அது அவங்கவங்க வாயைக் கட்டுறது. படுத்துக் கிடக்கிறவரு வாயைக் கட்டச் சொல்லி யாரும் சொல்லலே."

கணவன் வாசல் நிலையில் சாய்ந்து தரையைப் பார்த்தான். மந்திரி கரண்டியைப் பாத்திரத்துக்குள் வைத்தாள். இத்தனை பேர் முகமும் தன் மேல் இருப்பது தெரிந்தது. ஆம்புலன்ஸில் நாக்கு நுனியில் நின்ற அந்த வாக்கியம் மறுபடி வந்து நின்றது. இந்தத் தடவை அது இன்னும் சுருக்கமாக, இன்னும் கூர்மையாக இருந்தது. அவள் வாயைத் திறந்தாள்.

"சித்தி" என்றாள் நாத்தனார், மூலையிலிருந்து.

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"அவளைச் சொல்லாதீங்க. அப்பாவுக்குக் கடைசியா சாப்பாடு குடுத்தது நான். கேக் குடுத்தேன்."

அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது. மீதியைச் சொல்ல மூச்சை இழுத்தாள். கணவன் நிலையிலிருந்து நிமிர்ந்தான்.

சித்தியின் முகம் மலர்ந்துவிட்டது. எட்டி நாத்தனாரின் கன்னத்தைத் தடவினாள்.

"நீயாவது குடுத்தியேடி, மகராசி. பெத்த மக கையால ஒரு வாய் ஆசையாத் தின்னுட்டுப் போயிருக்காரு. அந்த வயிறு குளிர்ந்திருக்கும். உனக்கு அது போதும்."

சுற்றி இருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். யாரோ மூக்கைச் சிந்தினார்கள். நாத்தனார் கன்னத்தில் அந்தக் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவள் கண்கள் மந்திரியைத் தேடி வந்தன. மந்திரியும் அவளையே பார்த்தாள். சொல்ல நினைத்த வாக்கியம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. குனிந்து, பக்கத்துத் தட்டுக்குச் சோறு வைத்தாள்.

பந்தி முடிந்து அவள் பாத்திரங்களோடு சமையலறைக்கு வந்தபோது, அங்கே நாத்தனார் தொட்டியின் முன் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். குழாயை முழுக்கத் திறந்துவிட்டிருந்தாள். இரண்டு கைகளும் தண்ணீருக்கடியில் இருந்தன. கழுவுவதற்கு அங்கே ஒரு பாத்திரமும் இல்லை. தோள்கள் மட்டும் குலுங்கின. தண்ணீர் விழுகிற ஓசையில் வேறெதுவும் கேட்கவில்லை.

மந்திரி பாத்திரங்களைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு, கூடத்துப் பக்கக் கதவைச் சாத்தினாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் குழாயை மூடப் போகவில்லை.